மீத்திறன் குழந்தைகளின் பள்ளி திடீரென்று மூடப்பட்டால்

பினாங்குத் தீவின் ஜெலுத்தோங்கில் இருக்கும் ஒரு தாயார் எழுதியிருக்கிறார். அவருடைய ஒன்பது வயது மகன், மீத்திறன் குழந்தைகளுக்கென்று, அதாவது வயதை மிஞ்சிய அறிவாற்றல் உள்ள பிள்ளைகளுக்கென்று, தீவில் நடந்துவந்த ஒரு சின்னத் தனியார் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். போன வெள்ளிக்கிழமை இரவு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது: 'தவிர்க்க முடியாத காரணங்களால் திங்கட்கிழமை முதல் பள்ளி இயங்காது.' மூன்று மாதக் கட்டணமும் முன்பணமும் ஏற்கனவே கட்டியாகிவிட்டது. நிறுவனர் போன் எடுக்கவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா, பையனை எங்கே சேர்ப்பது, இதே மாதிரி இன்னொரு பள்ளியைத் தேடலாமா, புதுப் பள்ளியில் அவனுடைய ஐக்யூ அறிக்கையைக் காட்டலாமா என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் இப்படி முடித்திருக்கிறார்: "'நான் நிறைய கேள்வி கேட்டதாலயாம்மா மூடிட்டாங்க'ன்னு கேக்குறான். என்ன சொல்றது டீச்சர்?"

அம்மா, முதலில் அவனுக்குப் பதில் சொல்லிவிடுவோம். பணத்தைக் கேட்கச் சட்டம் மூன்று வருடம் அவகாசம் தருகிறது. இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை ஒரு ராத்திரிகூடப் படுக்கக் கூடாது.

அவன் அப்படிக் கேட்டதில் வியப்பே இல்லை. இந்தப் பிள்ளைகள் எதற்கும் காரணம் தேடுவார்கள். பெரியவர்கள் வாயைத் திறக்காவிட்டால், காதில் விழுந்த துண்டு துணுக்குகளை வைத்துத் தாங்களே ஒரு காரணத்தைக் கட்டிக்கொள்வார்கள். முந்தைய பள்ளியில் 'ஓயாமல் கேள்வி கேட்கிறான்' என்று பெயர் வாங்கிய பையனுக்கு, கையில் தயாராக இருக்கும் காரணம் அதுதான். 'அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா, போய் விளையாடு' என்று சொன்னால் நம்ப மாட்டான். நீங்கள் எதையோ மறைக்கிறீர்கள் என்று மட்டும் புரிந்துகொள்வான். அவனை உட்கார வைத்துக் கணக்கைக் காட்டுங்கள். வாடகையும் சம்பளமும் அவனுக்கு நன்றாகவே புரியும்.

என்ன கணக்கு என்று கேட்பீர்கள். உங்கள் பள்ளியின் கணக்கு எனக்குத் தெரியாது. தனியார் பள்ளி நிர்வாகத்தில் பல வருடம் இருந்தவள் என்ற முறையில், இந்த அளவுப் பள்ளி எப்படி ஓடும் என்பதற்கு ஓர் உதாரணம் போட்டுக் காட்டுகிறேன். 30 பிள்ளைகள், மாதம் ஆளுக்கு 1,700 ரிங்கிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரவு 51,000. பழைய பங்களா வீட்டுக்கு வாடகை 9,000. ஆறு பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்றால் ஐந்து பேர், தலைக்கு 4,500 வைத்தாலும் 22,500. உதவியாளர் இரண்டு பேருக்கு 4,400. இவர்களுக்கு முதலாளி கட்ட வேண்டிய 13 விழுக்காடு இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) மட்டும் ஏறக்குறைய 3,500. நடத்துகிறவரும் சாப்பிட வேண்டும், அவருக்கு 6,000. மின்சாரம், இணையம், காப்புறுதி, காகிதம், ஆய்வுப் பொருள் எல்லாம் சேர்த்து 4,000. கூட்டிப் பார்த்தால் 49,400. கையில் நிற்பது 1,600 ரிங்கிட். ஒரு குளிர்சாதனப் பெட்டி பழுதானால் அந்த மாத மிச்சம் போய்விடும்.

இந்த நிலைமையில் மூன்று பிள்ளைகள் விலகினால் என்ன ஆகும்? ஒரே குடும்பத்து அண்ணன் தம்பி, கூட இன்னொரு பிள்ளை. அப்பாவுக்கு சிங்கப்பூரில் வேலை கிடைத்திருக்கும், அவ்வளவுதான் காரணம். வரவு 45,900 ஆகிவிடும், செலவு ஒரு காசு குறையாது. மாதம் 3,500 நட்டம். பெரிய பள்ளியில் மூன்று பேர் போனால் யாருக்கும் தெரியாது. இங்கே ஆசிரியரைக் குறைத்தால் பெற்றோர் எதற்காக இந்தப் பள்ளியைத் தேடி வந்தார்களோ அதுவே போய்விடும். பிள்ளைகளை அதிகமாகச் சேர்க்கலாமே என்றால், சேர்க்கக்கூடிய பிள்ளைகளே குறைவு. அறிவாற்றல் சோதனையில் 130-ஐத் தாண்டுகிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்தான். அந்த இரண்டு பேரில் 1,700 ரிங்கிட் கட்ட முடிந்தவர்கள், தீவிலேயே இருப்பவர்கள், பெற்றோருக்கு விருப்பம் உள்ளவர்கள் என்று வடிகட்டிக்கொண்டே போனால் விரல் விட்டு எண்ணிவிடலாம். மகனுக்குக் கணக்குப் பிடிக்கும் என்றால் இந்த வடிகட்டலையும் அவனையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசி வரியில் தன் கேள்விகளுக்கு இடமே இல்லை என்று அவனே கண்டுபிடிப்பான்.

'முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே' என்ற கோபம் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. அது நியாயமான கோபம். ஆனாலும் இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். 'இரண்டு மாதத்தில் மூடப்போகிறோம்' என்று நிறுவனர் வாய் திறந்த மறுநாளே பாதிப் பிள்ளைகள் போய்விடுவார்கள், பள்ளி இரண்டு வாரம்கூடத் தாங்காது. அதனால் புது முதலீட்டாளர் வருவார், புதுப் பிள்ளைகள் சேர்வார்கள், வங்கிக் கடன் கிடைக்கும் என்று கடைசி நாள் வரை வாய் மூடி இருப்பார்கள். முன்பணமாக வாங்கிய காசு ஏற்கனவே சம்பளமாகவும் வாடகையாகவும் போயிருக்கும். இவர்களில் பலர் தன் பிள்ளைக்காகவே பள்ளி தொடங்கியவர்கள், வீட்டை அடகு வைத்தவர்களும் உண்டு. நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனால் நல்லவர் என்பதற்காக உங்கள் பணத்தை விட்டுவிட வேண்டியதில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று உண்டு, பெரும்பாலோர் அதைத்தான் தவற விடுகிறார்கள். பிள்ளையின் பதிவுகளையும் கைவேலைகளையும் மீட்டெடுங்கள். சில வருடங்களுக்கு முன் பூலாவ் தீக்குஸ் பக்கம் இதே போல் ஒரு சின்னப் பள்ளி மூடியது. பெற்றோர் எல்லாரும் பணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். வீட்டுச் சொந்தக்காரருக்கோ வாடகை பாக்கி. பூட்டை மாற்றினார், லாரியை வரவழைத்தார், அலமாரிகளைக் காலி செய்து உள்ளே இருந்ததைக் கறுப்புக் குப்பைப் பைகளில் கட்டி வாசலில் வைத்துவிட்டார். ஒரு தாயார் எனக்குச் சொல்லி, இரண்டு பேரும் போய்ப் பைகளைப் பிரித்தோம். பிள்ளைகள் களிமண்ணில் செய்த கெடா மலை எரிமலையா இல்லையா என்ற ஆய்வு, ஒரு சிறுமி தானாக உருவாக்கிய எழுத்து முறையும் அதற்கு அவளே எழுதிய இலக்கணமும், ஆசிரியர்கள் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் தேதி போட்டு எழுதிய குறிப்பேடுகள். பாதி மழையில் ஊறிப்போயிருந்தது. அந்தக் குறிப்பேட்டில் ஒரு பக்கம்: 'இன்று பின்னத்தை விளக்கவில்லை. ரொட்டி சானாயை எப்படிக் கிழித்தால் ஏழு பேருக்குச் சமமாக வரும் என்று கேட்டேன். நாற்பது நிமிடம் பேசினான். முதல் முறையாக மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை.' ஒரு பிள்ளையை அடுத்த ஆசிரியருக்கு அறிமுகம் செய்ய இதைவிட நல்ல தாள் இல்லை. எந்த மதிப்பெண் அட்டையும் இதைச் சொல்லாது.

ஆகவே நிறுவனர் போன் எடுக்காவிட்டால் வகுப்பாசிரியரைக் கூப்பிடுங்கள். ஆசிரியர்கள் பெரும்பாலும் பேசுவார்கள், அவர்களும் உங்களைப் போலத்தான் வெள்ளிக்கிழமை இரவு தெரிந்துகொண்டிருப்பார்கள். தேர்ச்சி அறிக்கை, வருகைப் பதிவு, இத்தனை நாள் இங்கே படித்தான் என்ற கடிதம், குறிப்பேடு, கைவேலை எல்லாவற்றையும் கேளுங்கள். அறிவாற்றல் சோதனை அறிக்கையைப் பள்ளி வழியாக எடுத்திருந்தால், சோதித்த உளவியலாளரிடமே நேராகக் கேட்டு ஒரு பிரதி வாங்குங்கள். வீட்டுச் சொந்தக்காரர் யார் என்று விசாரித்து, 'பிள்ளைகளின் பொருள்களை எடுத்துக்கொள்ள ஒரு மணி நேரம் கொடுங்கள்' என்று கேட்டால் மறுப்பவர் குறைவு.

அந்த ஆசிரியர்களிடம் நீங்களும் ஒரு விஷயத்தைச் சொல்லி உதவலாம். வேலை இழந்த 60 நாளுக்குள் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வேலை காப்புறுதித் திட்டத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 2018 முதல் இருக்கும் திட்டம்தான், ஆனாலும் சின்னப் பள்ளி ஆசிரியர்கள் பலர் நாளைத் தவற விடுகிறார்கள். சம்பள பாக்கிக்கு ஆள்பல இலாகாவில் புகார் கொடுக்கலாம்.

சரி, இப்போது பணம். முதலில் ரசீதை எடுத்துப் பாருங்கள். பெயர்ப்பலகையில் இருந்த பெயர் வேறு, பணம் வாங்கிய பெயர் வேறாக இருக்கும். 'சென்டிரியான் பெர்ஹாட்' என்று முடிந்தால் அது நிறுவனம். அதன் கடனுக்கு இயக்குநரின் சொந்த வீடு பொதுவாகப் பொறுப்பாகாது. 'எண்டர்பிரைஸ்' என்று இருந்தால் அது தனிநபர் வணிகம். அந்த ஆளே முழுப் பொறுப்பு. ரசீது இல்லையென்றால் வங்கி மாற்றுச் சீட்டில் கணக்கின் பெயரைப் பாருங்கள். நிறுவனரின் சொந்தக் கணக்குக்கே பணம் போயிருந்தால் அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். நிறுவனங்களைப் பதிவு செய்யும் ஆணையமான எஸ்எஸ்எம்மின் இணையத்தளத்தில் சிறு கட்டணம் கட்டினால் நிறுவனத்தின் விவரம் கிடைக்கும்: இயக்குநர்கள் யார், பதிவு முகவரி எது, நிறுவனம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று. கடன் அட்டையில் கட்டியிருந்தால் இன்றே வங்கியைக் கூப்பிட்டு, சேவை கிடைக்கவில்லை, பணத்தைத் திருப்புங்கள் என்று தகராறு பதிவு செய்யுங்கள். அதற்கு நாள் கணக்கு உண்டு.

பிறகு ஒரு கோரிக்கைக் கடிதம். கோபமாக எழுத வேண்டாம். என்ன கட்டினீர்கள், எந்த மாதத்துக்கு, எத்தனை நாள் வகுப்பு நடந்தது, எவ்வளவு திருப்ப வேண்டும், 14 நாள் தவணை. பதிவு அஞ்சலில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று. பதில் வராவிட்டால் பயனீட்டாளர் வழக்குகளைத் தீர்க்கும் மன்றமான பயனீட்டாளர் திரிபியூனல். 50,000 ரிங்கிட் வரைக்கும் அங்கே கோரலாம், மனுக் கட்டணம் 5 ரிங்கிட், பாரம் ஒன்றை நிரப்ப வேண்டும். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள இரு தரப்புக்கும் பொதுவாக அனுமதி கிடையாது. பினாங்கிலும் அதன் கிளை இருக்கிறது. தீர்ப்பு வந்து 14 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் அது குற்றம். பாரத்தில் ரசீதில் இருக்கும் பெயரையே எழுதுங்கள், பெயர்ப்பலகைப் பெயரை எழுதினால் அங்கேயே சிக்கிக்கொள்ளும். எழுதுவதில் சந்தேகம் இருந்தால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்குப் போங்கள். அரை நூற்றாண்டாக இதே வேலையைச் செய்கிறவர்கள், தமிழிலேயே பேசலாம்.

ஆனால் ஒன்றை நேராகச் சொல்ல வேண்டும். நிறுவனம் கலைக்கப்பட்டு நீதிமன்ற ஆணையும் வந்துவிட்டால் ஆட்டம் மாறிவிடும். அதற்குப் பிறகு நீங்கள் பிணை இல்லாமல் கடன் கொடுத்தவர்களில் ஒருவர். நிறுவனத்தின் சொத்தை விற்றுப் பங்கிடும் கலைப்பாளரிடம் கடன் சான்று கொடுத்து வரிசையில் நிற்க வேண்டும். உங்களுக்கு முன்னால் கலைப்புச் செலவு, ஊழியர் சம்பளம் எல்லாம் நிற்கும். நாற்காலி மேசையை விற்று வருகிற பணத்தில் பெற்றோருக்குப் பெரிதாக மிஞ்சாது. எனவே கலைப்பு ஆணைக்கு முன்பே திரிபியூனலுக்குப் போவது நல்லது. ஆனால் முழுத் தொகையும் கைக்கு வரும் என்று நம்பி அடுத்த பள்ளிக்கான திட்டத்தைப் போடாதீர்கள். போலீஸ் புகார் எல்லா மூடலுக்கும் பொருந்தாது. தொழில் நொடித்துப் போவது குற்றமில்லை. மூடுவது என்று முடிவெடுத்த பிறகும் புதுப் பிள்ளைகளிடம் முன்பணம் வாங்கியிருந்தால், அது குற்றவியல் சட்டம் 420-ஆம் பிரிவின் ஏமாற்று. அப்படி யாராவது பெற்றோர் இருந்தால் அவர்கள் புகார் கொடுக்கட்டும்.

பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவை இரண்டாகப் பிரியுங்கள் என்றும் சொல்வேன். பணத்துக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று. ஒரே குழுவில் இரண்டையும் பேசினால் பணம் பிள்ளைகளை விழுங்கிவிடும், யார் யாரை நம்பினார்கள் என்ற சண்டையில் பிள்ளைகளின் நட்பும் அறுந்துவிடும்.

அடுத்தது பள்ளி. நம் நாட்டில் 2003 முதல் ஆரம்பக் கல்வி கட்டாயம். வீட்டிலேயே வைத்துக் கற்பிக்க அமைச்சின் விலக்கு வேண்டும், சும்மா வைத்திருந்தால் பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ என்று சட்டம் சொல்கிறது. இரண்டு மூன்று வாரத்தில் யாரும் கதவைத் தட்டப் போவதில்லை, பயப்படாதீர்கள். ஆனால் 'இந்த வருடம் முழுக்க வீட்டில் இருக்கட்டும், அடுத்த வருடம் பார்க்கலாம்' என்று விடாதீர்கள்.

இங்கே மூடிய பள்ளியின் பதிவுச் சான்றிதழ் என்ன வகை என்று தெரிந்துகொள்ள வேண்டும். கல்வி அமைச்சு தனியார் கல்வி நிலையங்களைப் பல வகையாகப் பதிவு செய்கிறது: தனியார் ஆரம்பப் பள்ளி, அனைத்துலகப் பள்ளி, டியூஷன் மையம், மொழி மையம், மூளை வளர்ச்சி மையம் என்று. மீத்திறன் பள்ளி என்று விளம்பரம் செய்த சில இடங்கள் மூளை வளர்ச்சி மையமாக மட்டுமே பதிவு பெற்றிருக்கும். பிள்ளைகள் காலை முதல் மாலை வரை அங்கேயே படித்தாலும் சட்டப்படி அது பள்ளி அல்ல. அப்படி இருந்தால், பள்ளி மாற்றமாக இல்லாமல் புதுச் சேர்க்கையாக அவனைப் பார்ப்பார்கள். கலங்க வேண்டாம். பிறப்புச் சான்றிதழ், மைகிட் என்ற பிள்ளையின் அடையாள அட்டை, உங்கள் இருவரின் அடையாள அட்டை, மின்சாரக் கட்டணச் சீட்டு, இருக்கிற கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மாவட்டக் கல்வி இலாகாவுக்குப் போங்கள். ஜெலுத்தோங் வடகிழக்கு மாவட்டத்தைச் சேர்ந்தது. வயதுக்கேற்ற வகுப்பில் இடம் பார்த்துக் கொடுப்பார்கள்.

எந்தப் பள்ளி? பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, உங்களுக்கு எட்டும் தூரத்திலேயே சில உண்டு. சின்னத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஒரு வகுப்பில் பதினைந்து இருபது பிள்ளைகள்தான் இருப்பார்கள், தலைமையாசிரியருக்கு ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் தெரியும். மீத்திறன் பிள்ளைக்கு இது பெரிய வரம். 'அவன் அங்கே சலித்துப்போவானே' என்று கேட்பீர்கள். சலிப்பான், பாடத்தில் சலிப்பான். அதை வேறு இடத்தில் ஈடு கட்டலாம். அவனைத் தெரிந்த ஓர் ஆசிரியர் இல்லாமல் போவதைத்தான் ஈடு கட்ட முடியாது. அதனால் பள்ளிகளைப் பார்க்கப் போகும்போது ஆய்வுக்கூடத்தைப் பார்க்க வேண்டாம். நான்காம் ஆண்டு எடுக்கும் ஆசிரியரோடு பத்து நிமிடம் பேசுங்கள். உங்கள் மகனைப் பற்றி அவர் திருப்பிக் கேள்வி கேட்கிறாரா என்று பாருங்கள்.

மலாய் மொழியை இப்போதே கவனியுங்கள். ஆங்கிலத்தில் நடந்த பள்ளியில் இருந்து வருகிறவன், அதில் பின்தங்கியிருக்க வாய்ப்பு அதிகம். ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் சான்றிதழுக்கு மலாயும் வரலாறும் தேர்ச்சி பெற வேண்டும். பின்னாளில் ஐஜிசிஎஸ்இ என்ற பிரிட்டிஷ் தேர்வு வழியில் போனாலும், அரசாங்கப் பல்கலைக்கழகம் என்று வரும்போது மலாயில் கிரெடிட், அதாவது வெறும் தேர்ச்சிக்கும் மேலான தரம், கேட்பார்கள். தமிழ்ப்பள்ளியில் இருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போது மலாய் தேறாத பிள்ளைகளுக்குப் புகுமுக வகுப்பு என்று ஒரு வருடம் கூடுதலாகப் போகும். மூன்று வருடப் பாடத்தை ஒரே வருடத்தில் படிக்கக்கூடிய பையன், மொழிக்காக ஒரு வருடம் உட்கார்ந்திருப்பதை என்னால் தாங்க முடியாது. உங்களாலும் முடியாது.

'வகுப்பைத் தாண்டி மேலே போட முடியுமா' என்று அவனுடைய அப்பா கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் வயதுக்காரர்களுக்குப் பிடிஎஸ் தேர்வு ஞாபகம் இருக்கும். 1996 முதல் 2000 வரை, மூன்றாம் ஆண்டில் அந்தத் தேர்வில் சிறந்தவர்கள் நேராக ஐந்தாம் ஆண்டுக்குப் போகலாம். பெற்றோரே பிள்ளைகளை வறுத்தெடுக்கத் தொடங்கியதால் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது அப்படித் தாண்டுவதற்கு ஆரம்பப் பள்ளியில் பொதுவான வழி இல்லை. அரசாங்கத்தின் மீத்திறன் வழி என்றால் பாங்கியில், மலேசியத் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் ஜீனியஸ் பிந்தார் மையம். 2009-இல் பெர்மாத்தா பிந்தார் என்று தொடங்கியதே, அதுதான். யுகேஎம்1 என்ற இணையச் சோதனை, அதில் தேறினால் யுகேஎம்2, பிறகு விடுமுறை முகாம், அதற்கும் பிறகு விடுதியோடு கூடிய கல்லூரி. நம் பிள்ளைகள் இதற்கு விண்ணப்பிப்பது மிகக் குறைவு. விளம்பரம் பெரும்பாலும் மலாயில் வருவதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மகனைப் பதிந்து வையுங்கள், கிடைத்தால் முகாமுக்கு அனுப்புங்கள்.

இப்போது எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பள்ளி உங்கள் மகனுக்குக் கொடுத்தது பாடத்திட்டம் இல்லை, ஆள்கள். தன்னைப் போலவே கறுப்புத் துளையைப் பற்றி மதியச் சோற்றின் போது சண்டை போட நான்கு பேர். 'இவன் ஒரு மாதிரி' என்று யாரும் சொல்லாத ஒரு மேசை. கட்டடத்தோடு அதுவும் போக வேண்டும் என்ற அவசியம் இல்லை. பள்ளி மூடிய முதல் சனிக்கிழமையே அந்தப் பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். தண்ணீர்மலைப் பக்கம் தாவரவியல் பூங்காவில் காலையில் கூடினால் போதும், குரங்குகள் தவிர யாரும் கட்டணம் கேட்க மாட்டார்கள். அடுத்த வாரம் கொம்தாரில் டெக் டோம் அறிவியல் மையம், அதற்கடுத்த வாரம் கிரீன் லேனில் டிஜிட்டல் நூலகம். வேலை இழந்து நிற்கும் ஆசிரியர்களில் ஒருவரை, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, வாரம் ஒரு நாள் வரச் சொல்லலாம். அவருக்கும் உதவி. எண்ணிக்கையை மட்டும் கவனியுங்கள்: பத்துப் பேருக்கோ அதற்கு மேலோ ஓரிடத்தில் வழக்கமாகக் கற்பித்தால் நம் கல்விச் சட்டப்படி அது பதிவு பெற வேண்டிய பள்ளி ஆகிவிடும், பத்தாவது ஆளும் அதில் சேர்த்திதான். ஆறேழு பேர் என்றால் நல்ல அளவு, பேச்சும் நன்றாக நடக்கும்.

அந்த நாளில் என்ன செய்வது என்று ரொம்ப யோசிக்க வேண்டாம். 1936-இல் நியூயார்க்கில் லீட்டா ஹாலிங்வொர்த் என்ற உளவியலாளர் ஸ்பேயர் பள்ளியில் மீத்திறன் பிள்ளைகளுக்கு ஐந்தாண்டுச் சோதனை வகுப்புகளை நடத்தினார். அந்தப் பிள்ளைகளை மேல் வகுப்புப் பாடத்துக்கு அவர் விரட்டவில்லை. உணவு, உடை, வீடு, போக்குவரத்து, விளக்கு போன்ற அன்றாடப் பொருள்கள் எப்படி வளர்ந்து வந்தன என்று தேட வைத்தார். நூலகத்துக்கு அனுப்பினார், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்க வைத்தார். 1939-இல் அவர் இறந்துபோனார், 1941-இல் சோதனையும் முடிந்தது. நம் ஊரில் இதற்குப் பொருள் தேட வேண்டியதே இல்லை. படகுத்துறை எப்படி வந்தது, பாலத்துக்கு முன்னால் பட்டர்வொர்த்துக்கு எப்படிப் போனார்கள், ஜாதிக்காய் எங்கிருந்து வந்தது, சூலியா தெருவுக்கு ஏன் அந்தப் பெயர். ஒவ்வொன்றிலும் இரண்டு மாதம் ஓட்டலாம். தாத்தா பாட்டிகளை ஆசிரியராக உட்கார வைக்கலாம்.

இன்னொரு மீத்திறன் பள்ளியைத் தேடுவது பற்றி: அவசரப்பட வேண்டாம். ஒரு பள்ளி மூடினால், 'உங்கள் பிள்ளைகளை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம், இந்த வாரம் சேர்ந்தால் பதிவுக் கட்டணம் இல்லை' என்று வேறு இடங்களில் இருந்து அழைப்பு வரும். அவர்களிடம் நான்கைந்து கேள்வி கேளுங்கள். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், எந்த வகை என்று படியுங்கள். முன்பணம் தனிக் கணக்கில் இருக்கிறதா, செலவுக் கணக்கிலா? பிள்ளைகள் எத்தனை, வயது வாரியாக எத்தனை? மூன்று மாதம் வரவே இல்லாவிட்டாலும் சம்பளம் கொடுக்க முடியுமா? நிறுவனருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் யார் நடத்துவார்? இதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் இடம் கிடைத்தால் அடுத்த வருடம் யோசிக்கலாம். அப்போதும் மாதாமாதம் கட்டணம் கட்டும் ஏற்பாட்டைக் கேளுங்கள், வருடக் கட்டணத்துக்குப் பத்து விழுக்காடு கழிவு என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தக் கழிவு, பள்ளிக்கு நீங்கள் வட்டியில்லாமல் கொடுக்கும் கடனுக்கு விலை.

கடைசியாக, அறிக்கை விஷயம். காட்டலாம், ஆனால் முதல் நாளே, எண்ணை முன்னால் வைத்துக் காட்டாதீர்கள். ஒரு வகுப்புப் பிள்ளைகளையே பார்த்துக்கொள்ளும் ஆசிரியரிடம் '138' என்ற தாளை நீட்டினால், 'அம்மா நம்மைச் சோதிக்க வந்திருக்கிறார்' என்றுதான் நினைப்பார், அவர் மீது தப்பில்லை. முதலில் அந்தக் குறிப்பேட்டின் ஓரிரு பக்கங்களைக் கொடுங்கள், மகன் செய்த ஏதாவது ஒன்றையும் எடுத்துப் போங்கள். ஒரு மாதம் கழித்து ஆசிரியரே, 'இவன் வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு மற்றவர்களைத் தொல்லை பண்ணுகிறான், என்ன செய்யலாம்' என்று கூப்பிடுவார். அப்போது அறிக்கையை எடுத்துப் போய், முடிவுப் பக்கத்தைக் காட்டாமல் பரிந்துரைப் பக்கத்தைத் திறந்து வைத்து, இரண்டு பேருமாகப் படியுங்கள். குறிப்பேடு கிடைக்கவில்லை என்றால் அவனுடைய பழைய வகுப்பாசிரியரிடம், நினைவில் இருப்பதை ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். இந்த வாரம் கேட்டால் விவரமாக எழுதித் தருவார்.